ஒர்க்‌ஷாப்பில் கிடந்த கார்

மாமாவைக் காரில் ஏற்றிக்கொள்வதும் வம்பை விலைக்கு வாங்குவதும் ஒன்றுதான். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர். பார்வை மங்கிவிட்டது, இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஞாயிறுதோறும் மருமகனின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து வாயாலேயே ஓட்ட ஆரம்பித்தார். கியரை மாற்று என்பார், அவன் திரும்பப் போறான் பாரு என்பார், இல்லாத பிரேக்கை வலது காலால் ஓங்கி மிதிப்பார். சிக்னலில் நின்றால் கண்ணாடியை இறக்கி, பக்கத்து வண்டிக்காரனுக்கும் சேர்த்துப் பாடம் நடத்துவார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மருமகனுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அதையும் மாமா தின்றால் எப்படி? சின்ன வயதில் இதே மாமாதான் தன் பஸ்ஸில் இன்ஜின் மூடிமேல் துண்டை மடித்துப் போட்டு, அவனை உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். அவன் வழி முழுக்கத் தொணதொணப்பான். மாமா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதெல்லாம் நினைப்பில் இருக்கத்தான் செய்தது. இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்று போனில் கூசாமல் சொல்லிவிட்டான். அடுத்த வாரம் கிளட்ச் போயிற்று, அதற்கடுத்த வாரம் ரேடியேட்டர் ஒழுகியது. பொய் பழகிவிட்டது.

அப்படியே ஒருநாள் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

துக்கம் கேட்க வந்த டெப்போ மெக்கானிக், கிளட்ச் சரியாகிவிட்டதா என்று அவனிடம் அக்கறையாக விசாரித்தார். வந்து பார்க்கச் சொல்லி மாமா அவரை நச்சரித்துக்கொண்டே இருந்தாராம். பழைய கண்டக்டர் ஒருவரிடம் நல்ல ரேடியேட்டர் கிடைக்குமா என்று கேட்டிருந்தாராம். எவனோ அந்தப் பையன் தலையில் ஓட்டை வண்டியைக் கட்டிவிட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பியிருக்கிறார். மருமகனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் தலை குனிந்ததைத் துக்கம் என்று நினைத்து, வந்தவர்கள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

காரியம் முடிந்த அன்று சாயங்காலம் அத்தையை அவள் மகள் வீட்டில் கொண்டுவிட வேண்டியிருந்தது. ஆட்டோ போதும், நடுவழியில் வண்டி நின்றால் உனக்குத்தான் சிரமம் என்று அத்தை தயங்கினாள். வற்புறுத்தி ஏற்றினான். சாவியைத் திருகியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒரு தடவையாவது முரண்டு பிடிக்கக் கூடாதா? பாழாய்ப்போன கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"நல்லா ஓடுதே. எப்ப சரியாச்சு?" என்றாள் அத்தை.

நேற்று என்று சொன்னால் கதை முடிந்தது. நுனிநாக்கு வரை வந்தும் விட்டது. அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமையானா சட்டையை மாட்டிட்டு ரெடியா உக்காந்திருப்பாரு. உன் போன் வந்ததும் கழட்டி ஆணியில மாட்டிடுவாரு. பையன் என்னதான் பண்ணுவான்னு சொல்வாரு."

குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. காரை ஓரம் கட்டினான்.

"கார் கெட்டே போகல அத்தை. ஒருநாளும் கெட்டுப் போகல."

அத்தை கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடைசியில், இத்தனை வருஷப் பழக்க தோஷத்தில், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதப்பா. தாங்க மாட்டாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.