செல்லோடேப்பில் ஒட்டிய வண்டு

வண்டைச் செல்லோடேப்பில் ஒட்டிக் கொடுக்காதீர்கள் என்று சுகப்பிரியா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! இந்த பிஸ்கட் ஆலையில் யார் காதில் வாங்குகிறார்கள்? பாக்கெட்டில் பூச்சி கிடைத்தால் டேப்பை ஒட்டி நன்றாக அழுத்தித் தேய்த்துத்தான் கொண்டு வருவார்கள். இன்றைக்கும் அதே கதை. வண்டின் உணர்கொம்புகள் இரண்டும் பசையில் கூழாகியிருந்தன.

தென்காசிப் பக்கம் விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரகடத்துக்கு வந்தவள் அவள். பூச்சி ஒழிப்புக் கம்பெனியில் வேலை. இந்த ஆலைக்குள் பூச்சி வராமல் பார்ப்பதும், வந்தால் அதன் பெயர் சொல்வதும் அவள் தலையில். பென்னலூர் விடுதியில் ஒழுங்கான தூக்கம் கிடையாது, கண் எரிந்தது.

"இன்னா பூச்சின்னு சொல்லும்மா. கஸ்டமருக்கு பதில் போவணும்," என்றார் தர மேலாளர் தமிழ்வாணன். "ஷட்டரு வழியா பறந்து வந்துச்சுன்னா அந்த முனியம்மாளை இன்னிக்கே நிறுத்திடறேன்."

முனியம்மாள் பிள்ளைப்பாக்கத்துக்காரி. லாரி ஏற்றும் வாசலில் பெட்டி அடுக்குபவள். அந்தத் தகரக் கொட்டகையில் வெந்து சாகாமலிருக்க ஷட்டரை ஒரு சாண் தூக்கி, அடியில் கட்டையைச் செருகி வைப்பாள். அந்தக் காற்றில்தான் எல்லோரும் நின்று டீ குடிப்பார்கள். பழி மட்டும் அவளுக்கு.

மாவு வண்டில் அச்சு அசலாக ஒன்றுபோல் இரண்டு இனம் உண்டு. ஒன்று பறக்கும், மற்றது பறக்காது. பறக்காததற்குக் குழப்பம் என்றே லத்தீனில் பெயர். வைத்தவனும் நொந்துபோய்த்தான் வைத்திருப்பான். கொம்பின் நுனியைப் பார்த்தால் நொடியில் பிரித்துவிடலாம், கொம்புதான் போயிற்றே! மாவு வண்டு என்று பேரினத்தை மட்டும் சொல்லி, அதற்குமேல் தெரியாது என்று நிறுத்திக்கொள்ளலாம். கை சும்மா இருந்தால்தானே? டேப்பை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வண்டை மல்லாத்தி, கண்களுக்கு இடையே உள்ள இடைவெளியை லென்ஸில் பார்த்தாள். கண்கள் நெருங்கியிருந்தன.

"பறக்கிற இனம் சார்."

"அவ்ளோதானே, முடிஞ்சிது." தமிழ்வாணன் உடனே போனை எடுத்தார். "அந்தக் கட்டையைப் புடுங்கிப் போடுங்க. முனியம்மாளை ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க."

"பறக்கும்ங்கிறதுக்காக பறந்துதான் வந்துச்சுன்னு ஆயிருமா சார்? மாவுக்குள்ளயே முட்டை போட்டுப் பெருகும். உள்ள புழு இருந்துச்சுன்னா..."

"உள்ள இருந்தா உன் கம்பெனிதான்மா மாட்டும். முதல்ல நீ மாட்டுவ. யோசிச்சுப் பேசு."

யோசித்தாள். பேசாமல் போனால் வேலை தங்கும். இன்னொரு வேலை தேடி அலைய உடம்பில் தெம்பில்லை. ஆனால் பெயர் சொன்ன வாய் அவளுடையது. ஒரு வண்டுக்குப் பெயர் சொன்னதற்கு ஒருத்தி சோற்றில் மண் விழுவதா? சீ, என்ன பிழைப்பு இது!

தமிழ்வாணன் பின்னாலேயே வர, மாவு சலிக்கும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, மூடியைத் திறந்தாள். மூலையில் கட்டிதட்டியிருந்த மாவைச் சுரண்டித் தட்டில் போட்டாள். மாவு அசைந்தது. வால் நுனியில் இரட்டை முள்ளோடு மஞ்சள் புழுக்கள் நெளிந்தன.

"இங்கனயே பொறந்து வளர்ந்தது சார். இந்த வண்டோட புழுதான்."

தமிழ்வாணன் தட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். முனியம்மாளை வேலைக்கே திரும்பிப் போகச் சொல்லிவிட்டு, சுகப்பிரியாவின் கம்பெனிக்கு போன் போட்டார். நாளையிலிருந்து இந்தப் பெண் உள்ளே வரக்கூடாது என்றார்.

பையை மாட்டிக்கொண்டு லாரி வாசல் வழியாக வந்தாள். ஷட்டர் தரையோடு மூடிக் கிடந்தது. பெட்டிகளுக்கு நடுவே முனியம்மாள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

"பறக்கும்னு சொன்னவ நீதானே? என்னை ஆபீஸு வரைக்கும் இஸ்துகினு போனாங்க. உனுக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்?"

சுகப்பிரியா பையை இறக்கி வைத்தாள்.

"தண்ணி இருக்காக்கா?"

முனியம்மாள் முறைத்தாள். பிறகு திட்டிக்கொண்டே தன் பாட்டிலை நீட்டினாள்.

"குடிச்சித் தொலை. நாளைக்கு இந்தப் பக்கம் வருவல்ல, அப்ப வச்சிக்கிறேன் உன்னை."

சுகப்பிரியா பாட்டிலைக் காலி செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரிக்கா," என்றாள்.