எமில்பெக் விழுங்கிய மாத்திரைகள்

முற்றத்தில் மூன்றாவது கார் வந்து நின்றதும், தடியூன்றி நின்ற ஆண்கள் "ஐயோ தம்பி" என்று குரலெடுத்தார்கள். அங்கே போட்டிருந்த கம்பளிக் கூடாரத்துக்குள் சைகால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மறுபடி ஒப்பாரியைத் தொடங்கினாள். ஆள் வரும்போதெல்லாம் பெண்கள் பாட வேண்டும். காலையிலிருந்து பாடிப் பாடித் தொண்டை கட்டிவிட்டது. திரைக்குப் பின்னால் அவள் தம்பி எமில்பெக் கிடந்தான். முப்பத்து நான்கு வயது. காசநோய். பக்கத்தில் அவன் மனைவி பெர்மெட், கண்ணில் சொட்டு நீரில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஓய்ந்தபோது வெளியே ஒமூர்பெக் பெரியப்பாவின் குரல் கேட்டது. கம்பளிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும் என்பது எழுபது வருடமாக அவருக்குத் தெரியாது போல.

"என்னத்தச் சொல்ல. சர்க்கார் சும்மா குடுத்த மாத்திரை. அதை முழுங்கக்கூட அவனுக்கு உடம்பு வணங்கல. லாரி ஓட்டுறவனுக்கு ஏது ஒழுங்கு? பொண்டாட்டியாவது அதட்டியிருக்கணும்."

"விட்டு விட்டு சாப்பிட்டா இப்படித்தான் ஆகும்னு டாக்டரம்மாவே சொன்னாங்களாம்," என்றார் இன்னொருவர்.

பெர்மெட் மடியிலிருந்த துணியை முறுக்கினாள்.

சைகாலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் அந்த மனிதர் மேல் மட்டுமல்ல, தன் மேலும்தான். மார்ச் மாதம் இதையேதான் அவளும் சொல்லியிருந்தாள். தலைநகர் பிஷ்கெக்கில் கிருமி ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள். மூன்றாவது மருந்தும் பலிக்கவில்லை என்று தெரிந்ததும் போனில் கத்தினாள். "எங்கிட்டயே பொய் சொல்றியாடா? மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டு சாகப் போறியா?"

அவன் இருமி முடித்தான். பிறகு, "சாப்பிட்டேன்க்கா," என்றான்.

பெர்மெட் போனை வாங்கி, "நான் பக்கத்துலயே நின்னு பாக்குறேன் அண்ணி. வாந்தி எடுத்தாலும் மறுபடி முழுங்குறாரு," என்றாள். சைகால் அவளையும் நம்பவில்லை.

நான்கு நாளைக்கு முன்புதான் அவன் சளியிலிருந்து வளர்த்த கிருமியின் மரபணுவை அவள் ஆய்வகம் முழுதாகப் படித்து முடித்தது. கோளாறு கிருமியில் இருந்தது. புரதம் கட்டத் துண்டு துண்டாகச் சுமந்து வரும் கூலியாட்கள் கிருமிக்குள் உண்டு, டி.ஆர்.என்.ஏ. என்று பெயர். அவர்கள் மேல் ஒரு சின்ன அடையாளம் ஒட்டியிருந்தால்தான் சரியான துண்டு சரியான இடத்தில் சேரும். இந்தக் கிருமியில் அடையாளம் ஒட்டும் கருவியே கெட்டுப்போயிருந்தது. அதனால் மரபணுவை நகலெடுக்கும் புரதங்களும் கோணலாக அமைந்து, நகலில் பிழைமேல் பிழை விழுந்தது. அத்தனை பிழையில் ஏதோ ஒன்று மருந்துக்குத் தப்பிவிடும். ஒரு வேளைகூட விடாமல் விழுங்கினாலும் தப்பிவிடும். இதை நேரில் சொல்லி அவன் காலைப் பிடிக்கலாம் என்றுதான் பஸ் ஏறினாள். பாதி வழியில் சாவுச் செய்தி வந்தது.

நான்காவது கார் வந்தது. ஒப்பாரி பாடுகிற பெண்ணை இடையில் நிறுத்த இந்த ஊரில் யாருக்கும் உரிமையில்லை, முல்லாவுக்கும் இல்லை. இறந்தவனைக் கழுகென்றும் குதிரையென்றும் புகழும் வழக்கமான வரிகளை விட்டுவிட்டு சைகால் பாடினாள்.

"வேளை தவறாம முழுங்கினியே, என் தம்பி,
வாந்தி எடுத்துட்டும் முழுங்கினியே.
கோளாறு கிருமிக்குள்ள, என் தம்பி,
கோணலாப் பெருகி மருந்தை ஏச்சுதே.
படிச்சவ நான் உன்னைப் பொய்யன்னு சொன்னேனே,
பாவி நான் போன்ல கத்தினேனே.
வெளிய நின்னு பேசுற பெரியவங்களே,
பெர்மெட்டைக் குறைசொல்ல நீங்க யாரு?"

வெளியே ஆண்களின் அழுகை நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த அத்தை அவள் முழங்காலைத் தட்டினாள். "போதும்டி. பெரியப்பா காதுல விழுது."

"விழட்டும்னுதான்," என்பதையும் சைகால் பாட்டோடு சேர்த்தே பாடினாள். பெர்மெட் அவள் தோளில் சாய்ந்து அன்று முதல்முறையாக அழுதாள்.

மதியம் உடலை முற்றத்துக்கு எடுத்துப் போனார்கள். தொழுகை முடிந்ததும், இறந்தவன் எப்படிப்பட்டவன் என்று குடும்பத்துப் பெரியவர் கூட்டத்தைக் கேட்க வேண்டும். ஒமூர்பெக் பெரியப்பா கூடாரத்தின் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எமில்பெக் எப்படிப்பட்ட ஆளு?"

"நல்ல மனுஷன்," என்றது கூட்டம். சைகாலுக்குக் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. கார்கள் போன பிறகு அவள் தண்ணீர் எடுக்க வீட்டுக்குள் போனாள். அடுப்படிக் கதவு நிலைச்சட்டத்தில், மேலிருந்து கீழ் வரை, ஏழு ஏழாகப் பென்சில் கோடுகள். மாதப் பெயர்களும் எழுதியிருந்தன.

"இது என்ன?"

"அவர் மாத்திரைய முழுங்கினதும் ஒரு கோடு போடுவேன் அண்ணி," என்றாள் பெர்மெட். "அக்கா வந்தா காட்டணும்னாரு."

சைகால் குனிந்து மார்ச் மாதத்தைத் தேடினாள். அவள் போனில் கத்திய புதன்கிழமைக்குக் கோடு இருந்தது. மறுநாளுக்கும் இருந்தது. அவள் பின்னால் பெர்மெட் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.