தம்பி வந்து விசாரித்தான்

பக்தவச்சலம் கைபேசியை மேசைமேல் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டதும் சபீராவுக்கு முதலில் கேட்டது தன் வீட்டுக் குக்கரின் விசில். அடுத்து அவள் குரலே வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லாதான் இருந்தா. ஆண்டவன் ஒரு குறையும் வைக்கல."

பக்தவச்சலம் இன்சூரன்ஸ் கம்பெனியின் திருத்தணிக் கிளை அதிகாரி. "மாத்திரை சாப்ட்டப்போ பொண்ணு நல்லா இருந்தான்னு நீங்களே சொல்லிகிறீங்களேம்மா. பெட்ல சேர்ந்து ஊசி போட்டுக்கினா கம்பெனி குடுக்கும். இடுப்புல மாட்டிகினு ஸ்கூலுக்குப் போற மிஷினு அவங்க பார்வையில சவுகரியம். மாத்திரை ஒத்துக்காதவங்களுக்கு மட்டும்தான் குடுப்பாங்க."

"டாக்டரு எழுதிக் குடுத்துகிறாரே சார்?"

"எல்லா டாக்டரும் எழுதுவாங்க. வீட்டாண்ட வந்து விசாரிச்சவர் சொல்றதத்தான் மேல நம்புவாங்க."

சபீராவின் மகள் சுஹானாவுக்குப் பிறவியிலேயே ரத்தக் கோளாறு. அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு உடம்பிலேயே தங்கி நெஞ்சைக் கெடுத்துவிடும். இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டி, தோலுக்கடியில் செருகிய ஊசி வழியே மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தி அந்த இரும்பை வெளியேற்றும். அதே வேலைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது பிள்ளை வாந்தியெடுத்தே பாதியானாள். சிறுநீரகமும் மக்கர் செய்தது. இப்போது கட்டியிருப்பது ஆஸ்பத்திரி இரவல் தந்த பெட்டி. இன்னொரு பிள்ளை காத்திருப்பதால் அடுத்த மாதம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கம்பெனி கைவிரித்தால் மறுபடி மாத்திரைதான்.

விசாரிக்க வந்தவன் வேறு யாருமில்லை, சபீராவின் உடன்பிறந்த தம்பி அஃப்தாப். தகப்பன் போன பிறகு அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் விசாரிக்கும் ஏஜென்சியில் தற்காலிக வேலை. "வெளியாளு வந்தா குடைஞ்செடுப்பான்க்கா. இந்தக் கேஸ நானே கேட்டு வாங்கிக்கறேன். அக்கான்னு மட்டும் யாராண்டயும் மூச்சு விடாத" என்று அவனாகத்தான் சொன்னான். அன்று அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வந்தான். சோற்றில் தால்ச்சா ஊற்றி வயிறாரச் சாப்பிட்டான். "மாமு" என்று ஓடிவந்த சுஹானாவை மடியில் உட்காரவைத்துக்கொண்டான். "மாத்திரை சாப்ட்டப்போ குட்டி எப்டிக்கா இருந்தா?" என்று கேட்டான்.

அக்காவும் தம்பியும் வளர்ந்த வீட்டில் நலம் கேட்டால் ஒரே பதில்தான். காய்ச்சலில் கிடந்தாலும் கையொடிந்து கிடந்தாலும் முதலில் ஆண்டவனுக்கு நன்றி. அதிலும் நோயாளிப் பிள்ளை காதுபட அதன் நோவைச் சொல்லிப் புலம்பினால் அம்மா கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள். சபீராவும் அந்தப் பழக்கத்தில்தான் பதில் சொன்னாள். அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்த அதே தாய்தான் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தாள். வாந்தியும் ஆஸ்பத்திரியும் அவன் கண்ணால் பார்த்தது. பல நாள் சுஹானாவை வண்டியில் வைத்து அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதே அவன்தான்.

பக்தவச்சலத்தின் ஆபீசிலிருந்து நேரே போய், பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் சபீரா அவனைப் பிடித்தாள்.

"நான் என்னா பொய்யா எழுதினேன்? நீ பேசினததானே குடுத்தேன்" என்றான் அஃப்தாப்.

"வேற எவனாவது எழுதியிருந்தா, பாவம், நம்ம பழக்கம் தெரியாதவன்னு விட்டிருப்பேன். உனக்குத் தெரியாதாடா?"

அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். "மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்கக்கா. இந்த மிஷினு ஒருத்தருக்குக் குடுத்தா பின்னாலயே வரிசைகட்டி வருவாங்களாம். தடுத்து நிறுத்துறவனுக்குத்தான் வேலை பர்மனென்ட்."

"அப்போ வேணும்னேதான் புள்ளைய மடியில வெச்சிகினு கேட்டியா?"

அவன் டீக்காரரிடம் சில்லறையை நீட்டினான். நாலு அறை விட்டிருந்தால் கூட சபீராவுக்கு ஆத்திரம் ஆறியிருக்காது. ஆனாலும் மகளுக்காக இறங்கி வந்தாள். "தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்த வந்து சொல்லுடா."

"வேல பூடும்க்கா. கொஞ்ச நாளு மாத்திரையே குடேன்" என்றான்.

அந்தச் சொல்லோடு அவளுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. கிருத்திகைக் கூட்டமும் காவடிகளும் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. இடித்துத் தள்ளிக்கொண்டு மறுபடி ஆபீசுக்கு வந்தாள். பக்தவச்சலம் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தார்.

"சார், சொந்தக்காரங்க விசாரிச்சா அது செல்லுமா?"

"செல்லாதும்மா. வேற ஆள வெச்சு முதல்லேர்ந்து விசாரிக்கணும். ஏன்?"

"அஃப்தாப் என் கூடப்பொறந்தவன்."

அவர் மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவரு வேலை போறதோட நிக்காது. அப்புறம் எங்கியும் சேர்த்துக்க மாட்டாங்க."

"ஆங், தெரியும் சார்."

அவர் பேனாவைத் திறந்து தம்பியின் முழுப் பெயரைக் கேட்டார். சபீரா தகப்பன் பெயரோடு சேர்த்து, நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்.