முன் கார்புரேட்டரின் பேராசை

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி ஷெட்டில் நிற்கிறாள். பிரிட்டிஷ்காரன் எந்தக் காலத்திலோ செய்த, கூரை மடங்கும், இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். என் சக்களத்தி. எண்ணெய் ஒழுகல், மூட்டுகளில் கிறீச், காலையில் எழுந்திருக்க மாட்டாத சோம்பல் எல்லாம் அவளுக்கு உண்டு. இதில் ஒன்று எனக்கு வந்தால் 'வெந்நீர் குடி' என்பார் என் வீட்டுக்காரர். அவளுக்கு வந்தால் அடியில் படுத்துப் பார்ப்பார்.

அவர் கணக்கு வாத்தியார். நான் தையல்காரி. வீட்டின் முன்னறையில்தான் என் தொழில். தையல் மெஷின்கள், இஸ்திரி மேஜை, உதவிக்கு வரும் பெண், சுவரோரம் துணிக் குவியல் என்று எல்லாம் அதற்குள் அடக்கம். வெட்டுவதற்கு மட்டும் இடமில்லை. தரையில் துணியை விரித்து மண்டிபோட்டு வெட்டி வெட்டி என் முழங்கால் போய்விட்டது. ஷெட்டில் நீளமாக ஒரு மேஜை போட்டால் என் பாடு தீரும். ஆனால் அங்கே மகாராணி அல்லவா கால் நீட்டிக்கொண்டிருக்கிறாள்!

இதற்கு ஒரு முடிவு கட்டியது பல் டாக்டர். அவர் என் வீட்டுக்காரரின் பழைய சிநேகிதர். இந்தக் காரின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். என் வீட்டுக்காரர் எஞ்சினைப் பிரித்து மாட்டியதிலிருந்து வண்டி நின்ற இடத்தில் குளிர்ஜுரம் வந்தது போல நடுங்குவதைப் பார்த்துவிட்டு, உன்னால் முடியாவிட்டால் என்னிடம் தள்ளிவிடு என்றார். நான் விடவில்லை. அங்கேயே ஒப்பந்தம் பேசினேன். வருகிற ஞாயிறு டாக்டர் வரும்போது எஞ்சின் ஆடாமல் ஓடினால் கார் இங்கேயே இருக்கட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். ஆடினால் கார் அவருக்கு, ஷெட் எனக்கு. என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். வாத்தியார் வாக்கு கொடுத்தால் மாற மாட்டார்.

அன்றைக்கே மேஜைக்கு அளவெடுத்துவிட்டேன். எனக்கென்ன பயம்? மாதக் கணக்கில் அவர் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் தீராத நடுக்கம், ஒரு வாரத்திலா தீரப்போகிறது?

விஷயம் இதுதான். எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து ஊட்டும் கார்புரேட்டர் இந்தக் காருக்கு இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் சமமாகக் காற்றை இழுத்தால்தான் எஞ்சின் ஆடாமல் ஓடும். சமமா என்று பார்க்க மீட்டர் எல்லாம் உண்டாம். ஆனால் இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்களில் அதைத் தொடாத கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு ரப்பர் டியூபை எடுத்து, ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, உள்ளே 'ஸ்ஸ்' என்று காற்று போகும் சத்தத்தைக் கேட்பார்கள். இரண்டு வாயிலும் ஒரே அளவுக்குச் சத்தம் வரும்வரை, காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்புவார்கள். மீட்டரைத் தொடுவது என் வீட்டுக்காரருக்குக் கௌரவக் குறைச்சல்.

சத்தம் சமமாக இருக்கிறது என்பார். எஞ்சின் ஆடும். கேஸ்கெட் மாற்றினார், ஆடியது. ஸ்பிரிங் மாற்றினார், ஆடியது. எங்காவது காற்றுக் கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். கடைசியில் முன்னால் இருந்த கார்புரேட்டரைப் பின்னாலும், பின்னால் இருந்ததை முன்னாலும் மாட்டினார். அப்போதும் முன்னால் இருப்பதன் திருகைத்தான் அதிகம் திறக்க வேண்டியிருந்தது. முன்னால் போனதும் அதற்கும் பேராசை பிடித்துக்கொள்கிறது என்று சாப்பிடும்போது புலம்பினார்.

சும்மா கிடந்த எனக்கு அங்கேதான் அரிப்பு எடுத்தது. ஆளை மாற்றி உட்கார வைத்தாலும் அதே நாற்காலியில் இருப்பவன்தான் அதிகம் சாப்பிடுகிறான் என்றால், தப்பு ஆளில் இல்லை. பின்னே எதில்? இஸ்திரி போடும்போதும் இதே நினைப்பு. காஜா எடுக்கும்போதும் இதே நினைப்பு. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு இடது கை தைத்து வைத்துவிட்டு, உதவிக்கு வரும் பெண்ணிடம் நானே பாட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் நேராக ஷெட்டுக்குப் போனார். சாப்பிடக் கூப்பிடும் சாக்கில் நானும் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சிலிண்டர் மூடியின் மேல் வைத்த ஸ்பானர் கடகடவென்று ஆட்டம் போட்டது. அவர் கை கழுவப் போன நேரத்தில் டியூபை எடுத்தேன். பக்கத்திலேயே எஞ்சின் ஃபேன் சுற்றுகிறது, தலைமுடியும் துப்பட்டாவும் அதில் போய் மாட்டினால் கதை முடிந்தது. ஒரு கையால் இரண்டையும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் டியூபைக் காதில் வைத்தேன். பின் கார்புரேட்டர் பூனை மாதிரிச் சீறியது. முன்னதில் வைத்தால், அம்மாடி, குக்கர் விசில் அடிப்பதற்கு முன் வருமே, அப்படி ஒரு இரைச்சல்.

அவர் வந்ததும் சொன்னேன், முன்னால் இருப்பதுதான் அதிகமாக இழுக்கிறது என்று. சிரித்தார். இப்போதுதான் கேட்டேன், இரண்டும் ஒன்று, முன்னது ஒரு நூல் குறைச்சல் என்றுகூடச் சொல்லலாம் என்றார். ஊசியில் நூல் கோர்க்கிறவள் எஞ்சினில் மூக்கை நுழைக்காதே என்கிற சிரிப்பு அது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஞாயிறு வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் ஷெட் எனக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரும்பினேன். வாசல்படி வரை போய்விட்டேன். ஆனால் ஒரே சத்தம் எனக்கு ஒரு மாதிரியும் அவருக்கு வேறு மாதிரியும் எப்படிக் கேட்கும்? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஷெட்டாவது, மேஜையாவது. திரும்பி வந்து, அவர் எப்படிக் கேட்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரின் பக்கவாட்டில் நின்று குனிந்தார். முன் கார்புரேட்டர் அவருக்கு இடப்பக்கம். டியூபை இடது கையில் பிடித்து இடது காதில் வைத்தார். பின்னது வலப்பக்கம். டியூப் வலது கைக்கு மாறியது, வலது காதுக்குப் போனது. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், அதுதான் வாகு. பார்த்தவுடன் எனக்குப் பிடிபட்டுவிட்டது. என் தையலில் ஒருமுறை எல்லா உருப்படியும் ஒரே பக்கம் கோணிக்கொண்டு வந்தது. துணியைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், நான் வெட்டச் சொன்ன உதவிப் பெண் ஜன்னல் வெளிச்சத்துக்காக ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள்.

"ரெண்டையும் ஒரே காதுல கேளுங்க" என்றேன்.

எதற்கு என்றார். சும்மா கேளுங்கள் என்றேன். என்னைத் திருப்திப்படுத்த வலது காதிலேயே டியூபை வைத்துக்கொண்டு, உடம்பை வளைத்து முன்னதைக் கேட்டார். முகம் மாறியது. பின்னதைக் கேட்டார். மறுபடியும் முன்னது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து முன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். பிறகு பின்னதை ஒரு துளி திறந்தார். ஸ்பானரின் ஆட்டம் குறைந்தது, பிறகு நின்றே போனது. பிரித்து மாட்டிய பிறகு முதல் தடவையாக எஞ்சின் ஒரே சீராக முனகியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் பார்த்தது.

நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். எங்கே நிறுத்தினேன்? எனக்கு முழுக்கத் தெரிய வேண்டும்.

"இப்ப அந்தக் காதுல வச்சுப் பாருங்க."

இடது காதில் வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். டியூபை எடுத்து வாயில் வைத்து ஊதினார், உதறினார், மறுபடி வைத்தார்.

"டியூப் அடைச்சிருக்கு" என்றார்.

அவர் கையிலிருந்து வாங்கி என் காதில் வைத்தேன். சத்தம் நன்றாக வந்துகொண்டிருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடைத்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும் என்று அந்த முகம் கேட்டது. நான் சொல்லவில்லை. கைநீட்டி எஞ்சினை அணைத்தார்.

அன்று இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை முழுக்க அவர் ஷெட்டைச் சுத்தம் செய்தார். ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார், தரையில் இருந்த எண்ணெய்க் கறையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். என்ன இது என்று கேட்டேன். மேஜை போட வேண்டாமா என்றார். வண்டிதான் சரியாகிவிட்டதே என்றால், அவர் கேட்கவில்லை.

"நான் சரி பண்ணல, நீ பண்ணினே. காது போனவனுக்கு இந்த வண்டி எதுக்கு? ஒவ்வொரு மாசமும் இதைக் கேட்டுக்கேட்டுத் திருப்பணும். டாக்டர் நல்லா வச்சுப்பார்."

கணக்கு வாத்தியாரிடம் மாட்டினால் இதுதான். விடை சரியாக வந்தாலும் வழிமுறைக்கு மார்க் குறைப்பார். கேட்டு வாங்கிய ஷெட், துடைத்து மெழுகிய மாதிரி என் முன்னால் கிடந்தது. எனக்கோ அழுகைதான் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இப்படி அழுகிறோமே என்று என் மேலேயே எரிச்சலாகவும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் சொன்னபடி வந்தார். என் வீட்டுக்காரர் சாவியை நீட்டினார். நான் நடுவில் புகுந்து அதைப் பிடுங்கிக்கொண்டேன். எஞ்சினை நானே ஸ்டார்ட் செய்தேன். டாக்டர் குனிந்து பார்த்தார், சிலிண்டர் மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தார், அட என்றார்.

"எஞ்சின் ஆடாம ஓடணும்னுதான் பேச்சு. யார் காதால கேட்டு ஓடணும்னு யாரும் பேசல" என்றேன்.

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். காரை மறந்துவிட்டுச் சிநேகிதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, தன் கிளினிக்குக்கு மேல்மாடியில் காது டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஒற்றைக் காது மட்டும் மங்குவதைத் தள்ளிப்போடக் கூடாது, நாளைக்கே வந்துவிடுங்கள் என்றார். காரைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. வெளியே போகும்போது அதன் முதுகை ஒருதரம் தடவிவிட்டுப் போனார்.

காது டாக்டரிடம் போகத் திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் லீவு போட்டார். சாவி என்னிடம்தான் இருந்தது. கஸ்டமர் வீடுகளுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் வேனை வருஷக்கணக்காக ஓட்டுகிறவள் நான், இவளை ஓட்ட மாட்டேனா? கியர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஸ்டீயரிங் வலப்பக்கம். அவர் எனக்கு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். கெட்ட காது ஜன்னல் பக்கம், நல்ல காது என் பக்கம்.

பெரிய தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவர் ஓட்டுவார், நான் அவருடைய இடது காதின் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டு போவேன். பதில் வராது. சாலையையே பார்ப்பார். இந்தக் காரில் ஏறினால் மனுஷனுக்கு நான் கண்ணுக்கே தெரிவதில்லை என்று ஏறுவதையே விட்டுவிட்டேன்.

சிக்னலில் நின்றோம். எஞ்சின் ஆடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன்.

"ஒரு வருஷமா உங்க மேல கோவமா இருந்தேன்."

"தெரியும்" என்றார். "ஏன்னுதான் தெரியல. ஒருநாள் இதே வண்டியில கேட்டேன். நீ ரொம்ப நேரம் ஏதோ சொன்னே. திரும்பச் சொல்லச் சொன்னா இன்னும் கோவம் வருமோன்னு விட்டுட்டேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்டு, வெளியே பார்த்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் ஷெட்டுக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யாரும் இல்லாத மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் கியரை மாற்றினார். அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பதில்.

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் சொன்னேன்.