மூன்றுக்கு மூன்று

காலை ஐந்தரை மணிக்குக் கோதண்டராமன் பரீட்சை எழுதுவார். இரண்டு செஸ் புதிர், ஒரு சொல் புதிர். மூன்றும் சரியாக வந்தால் மனைவி பிரபா பஸ் சாவியை எடுத்துக் கொடுப்பாள். ஒன்று தப்பினாலும் அன்றைக்கு லீவு. ஹெப்பகோடியில் அவர்கள் குடியிருக்கும் வீட்டில் மூன்று மாதமாக இதுதான் ஏற்பாடு.

எந்த டாக்டரும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. மறதி ஆரம்பம் மாதிரித் தெரிகிறது, மூளைக்கு வேலை கொடுங்கள், செஸ், குறுக்கெழுத்து என்று ஏதாவது போடுங்கள், மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, பிரபா வாயைத் திறப்பதற்குள் கோதண்டராமன் ஆபீஸ் வேலை என்றுவிட்டார். அவர் ஓட்டுவதோ, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்கு நாற்பது பேரை ஏற்றிப்போகும் பஸ். பிரபாவும் மறுத்துச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள். வீடு வரும்வரை நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் படபடப்புக்கு மருந்தாக அவளே கண்டுபிடித்ததுதான் இந்தப் பரீட்சை.

அவளுடைய வேலையும் அப்படிப்பட்டது. கார்மென்ட்ஸில் செக்கிங் டேபிள். பதினாறு வருடமாகச் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறவள், இல்லையென்றால் பாஸ் போட்டு அனுப்புகிறவள். கண்ணால் பார்த்துத் தேறும் தேறாது என்று சொல்ல முடியாத பொருளும் உலகத்தில் உண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் பயிற்சி என்று சொன்னதைப் பரீட்சை ஆக்கி, கட்டிய புருஷனையும் டேபிளில் விரித்துவிட்டாள்.

மனுஷர் சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினார். ஷிஃப்ட் முடியக் காத்திருக்கும் டிரைவர்கள் பஸ் நிழலில் அட்டையை விரித்து ஆடுவார்கள்; முப்பது வருடமாக அவருக்குக் கைவந்த ஆட்டம். குதிரையை வெட்டுக் கொடுத்து ராணியால் மேட் என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். கலைத்துப் போட்ட எழுத்துகளை நாலு தடவை முணுமுணுத்து ‘வெளிச்சம்’ என்பார். மூன்று மாதத்தில் இரண்டே நாள்தான் தப்பினார். குளித்துவிட்டு வந்து குளியலறை எங்கே என்று கேட்ட நாளிலும் அவருக்கு மூன்றுக்கு மூன்றுதான். பிரபா அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காய்கறிக் கடையில் ஜூலியா அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். ஜூலியா பக்கத்துத் தெரு, தினமும் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறவள். காலையில் பஸ் பொம்மசந்திராவில் தொழிற்சாலை கேட்டில் நிற்கவே இல்லையாம். அதைத் தாண்டிச் சந்தாபுராவரை போய், ஆனேக்கல் ரோட்டிலும் திரும்பிவிட்டதாம். எங்கே போகிறீர்கள் என்று கன்னடத்திலும் தமிழிலும் எல்லோரும் கத்தின பிறகுதான் நிறுத்தினாராம். “அண்ணன் பழைய ரூட் ஞாபகத்துல வந்துட்டேன்னு சிரிச்சாரு அக்கா. எனக்குத்தான் நாளைக்கு அந்த பஸ்ல ஏறவே பயமா இருக்கு” என்றாள்.

பிரபாவுக்குக் கையில் இருந்த தக்காளி கனத்தது. அன்று காலையும் மூன்றுக்கு மூன்று. பாஸ் போட்டு அனுப்பியது அவள்தான். வீட்டுக்குப் போய் அவரிடம் கேட்க வாய் வரவில்லை. சாப்பாடு போட்டாள், படுத்தாள், புரண்டாள். காலையில் ஒன்றாவது தப்பிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவர் தப்பினால் இதைப் பேசாமலே அவள் தப்பித்துவிடலாம் அல்லவா?

காலையில் மூன்றும் சரி. இரண்டாவது செஸ் புதிர் கஷ்டமானதுதான். அதையும் பிரமாதமாகப் போட்டார். போட்டுவிட்டுக் கையை நீட்டினார். பிரபா சாவியை எடுக்கவில்லை.

“ஏங்க, நேத்து பஸ்ஸ எங்க கொண்டு போனீங்க?”

மறைப்பார், அல்லது மறந்திருப்பார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இரண்டும் இல்லை. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

“நேத்து மட்டும் இல்ல, மூணு தடவ ஆயிருச்சு. போன வாரம் ஒரு பொண்ணு படியில இறங்கிட்டு இருக்கும்போதே வண்டிய எடுத்துட்டேன். ஆள் இறங்குதுங்கறதே மறந்துபோச்சு. கம்பியப் பிடிச்சுத் தொங்கினா.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“தினமும் இன்னிக்கு நிறுத்திரலாம்னுதான் எழுந்திருப்பேன். நீ மூணும் சரின்னு சொல்லிச் சாவியக் குடுப்ப. அப்ப நமக்கு ஒண்ணும் இல்ல போலன்னு போயிருவேன்.”

பிரபாவுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. பிறகு போனை எடுத்து அவருடைய பஸ் சூப்பர்வைசர் ஹரிஷைக் கூப்பிட்டு, வேறு டிரைவரை அனுப்பச் சொன்னாள். நாளைக்கு வருவாரா என்று அவன் கேட்டான். இனிமேல் வரமாட்டார் என்றாள். மறதி நோய் என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

அவள் போனை வைக்கப் போனபோது கோதண்டராமன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“அந்தப் பொண்ணுக்கு அடி ஏதும் பட்டுச்சான்னு கேளு பிரபா. தொங்கினது வரைக்கும்தான் எனக்குத் தெரியுது.”