வெளியே வராத தடம்

முத்தமிழ் வரப்பில் கால் வைப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. இளஞ்சோளத்தைக் கடித்தால் வருகிற பால் வாசனை. அடுப்பில் கதிர் அவிக்கும்போது வந்தால் நல்ல வாசனைதான். கார்த்திகைப் பனியில், காலை ஆறு மணிக்கு, கொல்லைப் பக்கமிருந்து வந்தால் இரவு பன்றி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மக்காச்சோளத்துக்குள் நடந்தாள். எட்டாவது வரிசையில், ஒரு கல்யாணப் பாய் விரிக்கிற அகலத்துக்குத் தட்டைகள் சாய்ந்து கிடந்தன. முழுதாகத் தின்றிருந்தாலாவது மனம் ஆறும். ஒரு கடி, துப்பல், அடுத்த கதிர். இந்த வாரத்தில் இது நான்காவது இடம்.

நிமிர்ந்து பார்த்தாள். பொது வரப்புக்கு அந்தப் பக்கம் ஆண்டவரின் கொல்லை, எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவிய தலை மாதிரி நின்றது. ஒரே மழைக்கு விதைத்தவை இரண்டும். குன்னத்தில் ஒரே கடையில் வாங்கிய விதை. காப்புக்காட்டிலிருந்து வருகிற பன்றிக்கு இரண்டும் ஒரே தூரம். அங்கே ஓரத்தில் ஒரு தட்டைகூடச் சாயவில்லை.

ஆண்டவர் அவள் கணவன் செந்தில்குமாருக்குப் பெரியப்பா முறை. டிவிஎஸ்ஸை வரப்பின் முனையில் நிறுத்திவிட்டு வந்தவர், சாய்ந்த தட்டைகளை எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, நேத்தும் விருந்தாளிங்களா?"

"ஆமாங்க மாமா. ஒங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்கல போல."

"எப்புடிப் பாக்கும்? சுத்தி எங்கூட்டுக்காரி சேலையில்ல கட்டியிருக்கேன். அந்தச் சேலையப் பாத்தா நானே பத்தடி தள்ளித்தான் நிப்பேன். பன்னி கிட்ட வருமா?"

அவள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் யோசனை வந்துவிட்டது. பழைய சேலைகளைக் குச்சிகளில் நான்கு பக்கமும் அவளும்தான் கட்டியிருக்கிறாள். மனித வாடைக்குப் பன்றி பயப்படும் என்று சலூனிலிருந்து முடியை மூட்டையாக வாங்கி வந்து வரப்போரம் தூவியிருக்கிறாள். அவரும் அதே சலூன்தான். அதே முடி, அதே மாதிரிச் சேலை. அப்படியென்றால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

வேறு ஏதோ என்னவென்று அவளுக்கு ஒரு ஊகம் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை ஆண்டவரின் டிவிஎஸ்ஸில் கோணிச்சாக்கு போர்த்தி ஒரு சுருள் கம்பி போனதைப் பார்த்திருந்தாள். "என்னங்க மாமா கம்பி?" என்று கேட்டதற்கு, "பந்தலுக்கு" என்றார். அவர் வீட்டில் பந்தலே கிடையாது. போன வருஷம் வடக்கே ஏதோ ஒரு ஊரில், பன்றிக்கு இழுத்த கரண்ட் கம்பியில் விடியற்காலை மோட்டார் போடப் போன ஆள் விழுந்து கிடந்த கதையை டீக்கடையில் ஆளாளுக்குச் சொன்னார்கள். கேட்டு வந்து அவளிடம் சொன்னதே செந்தில்குமார்தான்.

அவன் அரியலூரில் சிமெண்ட் கம்பெனி ஒன்றில் மூட்டை ஏற்றுகிற பிரிவில் இரவு ஷிப்டு பார்க்கிறான். காலை முதல் பஸ்ஸில் கைகாட்டி ஸ்டாப்பில் இறங்கி, ஆண்டவரின் கொல்லையை ஒட்டிய பொது வரப்பு வழியாகத்தான் வீட்டுக்கு வருவான். காதில் பாட்டு, கண்ணில் தூக்கம், பனியில் நனைந்த கால். ஒரே ஒரு கம்பி போதும்.

"ரோட்டு வழியாவே வந்துருங்களேன்," என்று அன்று சோறு போடும்போது சொன்னாள்.

"ரெண்டு கிலோமீட்டர் சுத்தியா? ராத்திரி பூரா மூட்டை தூக்கிட்டு வரேன்டி."

"அவரு கம்பி போட்டிருந்தா?"

"பெரியப்பாவா? டீச்சர் அம்மா நடந்து வந்தாகூட எந்திரிச்சு நிக்கிற ஆளு. அவரு போயி கம்பத்துல கொக்கி போடுவாரா? அவரு சோளம் நல்லா நிக்குது, ஒனக்கு வயித்தெரிச்சல். வேற ஒன்னுமில்ல."

அந்தச் சொல் அவளுக்குள் தங்கிவிட்டது. இருக்குமோ? பாத்திரம் கழுவும்போது தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது தனி, கம்பி தனி. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை இல்லையென்று ஆக்கிவிட முடியுமா என்று தெரியவில்லை.

சேதம் பார்க்கச் சொல்லி அவள் கொடுத்திருந்த மனுவுக்கு, திங்கட்கிழமை வனத்துறையிலிருந்து ஜெயப்பிரகாஷ் என்ற இளைஞர் வந்தார். போட்டோ எடுத்தார். மண்ணில் குந்திக் குளம்படிகளைப் பார்த்தார்.

"ஒங்க கொல்லையில எறங்குனது கூட்டம்ங்க. பொட்டையும் வளந்த குட்டியும் சேந்து வந்திருக்கு. கெடா தனியாத்தான் திரியும், சேர்ற காலத்துல மட்டும் கூட்டத்துக்கிட்ட வரும்."

"வருஷா வருஷம் எப்புடி சார் இவ்வளவு பெருகுது?"

"ஒரு வயசு ஆனாலே பொட்ட சினைக்கு வந்துரும். நாலு மாசம் சுமக்கும். நாலு, அஞ்சு, தீனி நல்லாருந்தா எட்டுகூடப் போடும். நீங்கதான் பிரசவ மருந்து மாதிரி பால் சோளமா வெளைய வெச்சுக் குடுக்குறீங்களே." தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"ஆளக் கடிக்குமா?"

"அதுக்குக் கண்ணு மந்தம்ங்க. மூக்கும் காதும்தான். வாடை புடிச்சா அதுவா ஒதுங்கிடும். திடீர்னு கிட்டப் போயி நின்னாத்தான் ஆபத்து. கெடா கோரப்பல்லால கீழேர்ந்து மேல கிழிக்கும், தொடையில. பொட்ட கடிச்சுப் புடுங்கும். அடிபட்டதுகிட்டயும் குட்டி போட்டதுகிட்டயும் மட்டும் போவவே கூடாது."

போகும்போது பொது வரப்பில் நின்று ஒரு தடத்தைக் காட்டினார். தனி விலங்கு. மண்ணில் ஆழமாக, பின்குளம்பும் பதிகிற மாதிரி கனத்து நடந்து, ஆண்டவர் கொல்லையில் சேலை கிழிந்து தொங்கிய இடத்தில் உள்ளே போயிருந்தது. "இது ஒத்தையா வந்திருக்கு," என்றார். அதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு முத்தமிழ் ஆண்டவர் கொல்லையின் நான்கு வரப்பையும் சுற்றி வந்தாள். நுழைந்த தடம் ஒன்று இருந்தது. வெளியே வந்த தடம் எங்குமே இல்லை. கண் தப்பியிருக்கலாம் என்று மறுபடியும், இந்த முறை எதிர்த்திசையில் சுற்றினாள். இல்லை. மறுநாள் ஆண்டவர் குன்னம் போன நேரத்தில் வேப்பங்கொத்தால் வரப்போர மண்ணைக் கூட்டிச் சமப்படுத்தி வைத்தாள். புதன், வியாழன், வெள்ளி, மூன்று காலையும் பார்த்தாள். காகத்தின் கால், கீரியின் கால், ஆண்டவரின் செருப்பு. பன்றி வெளியே வரவில்லை. உள்ளே போய் வெளியே வராத பன்றி என்றால் உள்ளேயே செத்திருக்க வேண்டும். எதனால் செத்தது?

புதன்கிழமை மதியம் ஆண்டவரின் மனைவி ஒரு தூக்கில் கறிக்குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார். ஆட்டுக்கறியாம். ஊரில் விசேஷமில்லை, வீட்டுக்கு ஆள் வரவில்லை, புதன்கிழமை என்ன கறி? மூடியைத் திறந்து முகர்ந்தாள். மசாலா வாசனைதான் வந்தது. ஒரு துண்டை எடுத்துப் பிய்த்துப் பார்த்தாள். எந்தக் கறி என்று சொல்லத் தெரியவில்லை. குழம்பைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, தூக்கைக் கழுவி, "நல்லாருந்துச்சு அத்தை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

மின்வாரியத்துக்குச் சொல்லலாம். ஜெயப்பிரகாஷுக்கே போன் செய்யலாம், நம்பர் இருந்தது. உண்மையாக இருந்தால் பெரியவர் ஜெயிலுக்குப் போவார். பொய்யாக இருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஆயுசுக்கும் பேச்சிருக்காது. செந்தில்குமார் அவளை மன்னிக்கமாட்டான். சொல்லாமலிருந்து, நாளைக் காலை அவன் அந்த வரப்பில் விழுந்து கிடந்தால்? முதலில் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோதாக அமைந்தது. ஆண்டவரும் மனைவியும் முந்தின நாளே செந்துறைக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். வெளிச்சம் வந்ததும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, காய்ந்த மூங்கில் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பனி பெய்த காலையில் கம்பியைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று யோசித்து வைத்திருந்தாள். சேலைத் துணி பனியைக் குடித்துவிடும். கம்பியில் துளிகள் பாசிமணி கோத்த மாதிரி வரிசையாகத் தொங்கும். நான்கு பக்கமும், முழங்கால் உயரத்தில், ஒவ்வொரு குச்சியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கழியால் தரையோரப் புல்லை விலக்கிப் பார்த்தாள். மோட்டார் கொட்டகையில் பூட்டு தொங்கியது. அதிலிருந்து எந்த ஒயரும் கிளம்பவில்லை.

கம்பியே இல்லை. சேலைகளும் முடியும்தான்.

முகம் சூடாகிவிட்டது. கொட்டிய குழம்பு ஞாபகம் வந்தது. அந்த மனுஷியிடம் நல்லாருந்துச்சு என்று சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் பன்றி வெளியே வராதது அப்படியேதான் இருந்தது. கிழிந்த சேலைக்கு அருகில் நின்று உள்ளே பார்த்தாள். முதல் ஆறேழு வரிசைகள் ஒழுங்காக நின்றன. அதற்கு அப்பால் இருட்டாக இருந்திருக்க வேண்டும், நெருக்கமான சோளம் அல்லவா. ஆனால் அங்கே வெளிச்சம் தெரிந்தது.

பக்கவாட்டில் நுழைந்து பத்தடி போனாள். சோளம் முடிந்துவிட்டது. கொல்லையின் நடுவில் இரண்டு வீடு கட்டுகிற அளவுக்கு எல்லாத் தட்டையும் படுத்துக் கிடந்தது. வரப்பில் நின்று எத்தனை நாள் பார்த்தாலும் ஓரம்தான் தெரியும். ஆண்டவர் ஓரத்தைப் பார்த்துத்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அவளும் அதே ஓரத்தைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டாள். வெட்டவெளியின் மறுபக்கத்தில் கடித்துக் கொண்டுவந்த தட்டையும் தழையும் குவிந்திருந்தன, வைக்கோல் போர் சரிந்த மாதிரி. அந்தக் குவியல் மெல்ல ஏறி இறங்கியது. தழையை முட்டிக்கொண்டு ஒரு குட்டி வெளியே வந்தது. மஞ்சளும் பழுப்புமாக, முதுகில் நெடுக்கக் கோடு போட்டிருந்தது, வெள்ளரிப் பிஞ்சுக்கு இருப்பது போல. பின்னால் இன்னொன்று. தனியாக, கனத்து நடந்து உள்ளே போனது சினைப் பன்றி.

பற்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு பின்னால் ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி. குவியல் வெடித்தது. கறுப்பாக, பிடரி சிலிர்த்து, அவள் நினைத்ததைவிடக் குட்டையாக, அவள் நினைத்ததைவிட வேகமாக வந்து, வெட்டவெளியின் பாதியில் நின்றது. மூக்கைத் தூக்கியது. அவளுடைய செருப்பு ஒன்று மண்ணில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு, வரிசைகளுக்கு நடுவில் பின்பக்கமாகவே நடந்து வந்து வரப்பில் விழுந்தாள்.

எழுந்தபோது டிவிஎஸ் சத்தம். ஆண்டவர் வெள்ளை வேட்டி சட்டையோடு வந்து நின்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட முன்னதாகவே வந்துவிட்டார் போல. அவள் தலையில் ஒட்டியிருந்த சோளத்தோகையையும், கையில் இருந்த கழியையும், ஒற்றைச் செருப்பையும் வரிசையாகப் பார்த்தார்.

"என் கொல்லையில ஒனக்கென்ன வேலை?"

அவள் கழியை வரப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"ஆளில்லாத நேரம் பாத்து பன்னிய இந்தப் பக்கம் ஓட்டி வுடறியா? கழியோட நிக்கிற. நல்லாக் கேட்டுக்க. என் கொல்லையில ஒரு தட்டை சாஞ்சுதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே கரண்ட்டு கம்பிய இழுத்துடுவேன். கம்பி வாங்கி வெச்சாச்சு. மனசு கேக்காமத்தான் கட்டாம வெச்சிருக்கேன்."

சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். உள்ளே பன்றி குட்டி போட்டிருக்கிறது என்று அவள் சொன்னால், இன்று சாயங்காலமே இந்த வரப்பில் கம்பி வந்துவிடும். இத்தனை நாளாக எதற்குப் பயந்தாளோ அதை அவள் வாயே கொண்டுவந்து கட்டும். சொல்லாவிட்டால் செந்தில்குமார் தினமும் அந்த மூக்குக்கு இருபதடி பக்கத்தில் நடப்பான். தூரத்தில் கைகாட்டியில் பஸ் ஹாரன் அடித்தது.

"கதிரு ஒடிக்க வந்தேன் மாமா," என்றாள். "என்னுதுல ஒன்னும் மிஞ்சல. அதான்."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். முதலில் வந்தது வேறு. "கேட்டா குடுக்க மாட்டனா?" என்றார். அதற்குப் பிறகுதான் குரல் ஏறியது. "ச்சீ. இனிமே நீயும் ஒம்புருசனும் இந்த வரப்புல கால வெக்கப்படாது. ரோட்டுல சுத்திப் போங்க."

செந்தில்குமாரிடம் கெஞ்சிக் கிடைக்காதது திருட்டுப் பட்டத்தோடு கிடைத்துவிட்டது. "சரிங்க மாமா," என்றாள், கொஞ்சம் அவசரமாக. அந்த அவசரத்தை அவர் கவனித்தார்.

"எத்தினி ஒடிச்ச?" வேட்டியை மடித்துக் கட்டினார். "உள்ள கோணி நெறைய கட்டி வெச்சிருக்கியா? பாத்துட்டு வரேன் இரு."

"வேணாம் மாமா."

"ஏன், பாத்தா என்ன?"

கிழிந்த சேலையை ஒரு கையால் தூக்கி, வலது காலை உள்ளே வைத்தார். முத்தமிழ் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடக் கையில் கொடுத்ததில்லை, பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துதான் பழக்கம். எலும்பாக இருந்தது மணிக்கட்டு. உள்ளே நாடி அடித்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டால் அவர் உள்ளே போய்விடுவார் என்று அவள் இன்னும் இறுக்கினாள்.

வரப்பின் அந்தக் கோடியில் செந்தில்குமார் நின்றுவிட்டிருந்தான். தோளில் பை, முகத்துக்கு நேரே வெயில். கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு இவர்களையே பார்த்தான். காதிலிருந்து ஒயரை மெதுவாக உருவினான். காற்றே இல்லை. கொல்லையின் நடுப்பக்கம் ஒரு சோளப்பூ ஆடியது. பிறகு அதற்கு இந்தப் பக்கத்துப் பூ.