இல்லாத இயற்பியல் ஆசிரியர்

பள்ளிக்கூடத்தில் எது இல்லையோ அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். வசதி குறைந்த பள்ளிகளில் படித்தவர்களுக்கென்று அந்தப் பல்கலைக்கழகம் வைத்திருந்த மாற்றுவழிச் சேர்க்கைக்கு அது ஒன்றுதான் நிபந்தனை. மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை. இல்லாதது முழுசாக இருந்தால் இடம் உண்டு.

கமுதிக்குத் தெற்கே முத்திருளாயி படித்த மேல்நிலைப் பள்ளியில், பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இயற்பியல் ஆசிரியர் இல்லை. அவரைக் கூட்டிப் போவதற்காக ஒரு திங்கட்கிழமை காலை அவளும் தாய்மாமன் குருநாதனும் பள்ளிக்குப் போனார்கள். குருநாதனுக்குக் கரிமூட்டம் போடுகிற வேலை. வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். நகக்கண்ணில் இருந்த கரி மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

தலைமையாசிரியை வந்து வகுப்பறையைத் திறந்துவிட்டார். மேசைக்குப் பின்னால் நாற்காலி இருந்தது. அதில் அவர் இல்லை.

"கூட்டிட்டுப் போம்மா. வேலை முடிஞ்சதும் பத்திரமாக் கொண்டாந்து விட்டுரணும். இந்த வருசப் பிள்ளைகளுக்கும் அவருதான்," என்றார் தலைமையாசிரியை.

குருநாதன் நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார். "வாங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வழியில் முத்திருளாயி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆசிரியர் வரவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், அவர் தங்களோடு வராமல் இருக்கிறாரா அல்லது பள்ளியிலேயே இல்லாமல் நின்றுவிட்டாரா என்று குழப்பம் வந்தது. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தன.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. ஜன்னலோரத்தை அவருக்கு விட்டார்கள். நடத்துநர் வந்து, "சார் எங்க ஏறுனாரு?" என்று கேட்டார்.

"அவர் ஏறலைங்க," என்றாள் முத்திருளாயி.

"ஏறாதவருக்கு இறங்குற இடம் சொன்னாப் போதும்."

சொன்னார்கள். நடத்துநர் ஒரு டிக்கெட்டைக் கிழித்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போனார்.

பல்கலைக்கழகக் கூடத்தில் நல்ல கூட்டம். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியிலிருந்து வந்த ஒருவன் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தான். அது இல்லாததன் மறுமுனையை அவன் அப்பாவும் சித்தப்பாவும் பிடித்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. குருநாதன், "கொஞ்சம் ஒதுங்குங்க, வாத்தியார் இருக்காரு," என்று சொல்ல வாயெடுத்து, அது உண்மையாகாதே என்று நிறுத்திக்கொண்டார்.

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே தேர்வுக்குழுத் தலைவி எஸ்தர் ராஜபாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி இருந்தார். பக்கத்தில் டேப்போடு ஒருவர் நின்றார். இல்லாதவற்றை அளப்பது அவர் பொறுப்பு. ஆசிரியருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அளப்பவர் அதைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தார்.

"நீளம் சரியா இருக்குங்க மேடம். ஆனா நடுவுல ஓட்டை விழுந்திருக்கு."

எஸ்தர் ராஜபாய் முத்திருளாயியைப் பார்த்தார். "அவர் இல்லாத நேரத்துல வகுப்புல யாராவது பாடம் நடத்தினாங்களா?"

"யாரும் இல்லைங்க," என்று குருநாதன் முந்திக்கொண்டார்.

முத்திருளாயி தரையைப் பார்த்தாள். "நான் நடத்தினேன் மேடம். புத்தகத்தை வாசிச்சு, எனக்குப் புரிஞ்சதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்."

"சரியா நடத்தியிருந்தா வகுப்புல ஆசிரியர் இருந்தாருன்னு ஆகிடும். இந்த வழியில உங்களுக்கு இடம் கிடையாது. தப்பா நடத்தியிருந்தா அவர் இல்லாதது இல்லாததுதான்." எஸ்தர் ராஜபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பார்த்துடலாம். மின்தடைகளைப் பக்க இணைப்புல சேர்த்தா மொத்தத் தடை கூடுமா, குறையுமா?"

முத்திருளாயிக்கு அந்தப் பாடம் தலைகீழ்ப் பாடம். மொத்தத் தடை கூடும். எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறாள். பின்பெஞ்சுச் செவ்வந்திக்கு மட்டும் தனியாக மூன்றாம் முறையும் சொல்லியிருக்கிறாள்.

"தப்பாச் சொல்லு தாயி," என்று குருநாதன் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

தெரிந்தே தப்பாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. இடம் வேண்டும். ஊருக்குத் திரும்பினால் வெள்ளிக்கிழமை வேலைக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிப்போக மில் வேன் வரும், செவ்வந்தியை ஏற்றிப் போன அதே வேன். "குறையும்," என்றாள்.

"ரொம்பச் சரி," என்றார் எஸ்தர் ராஜபாய்.

அளப்பவர் டேப்பைச் சுருட்டினார். "அப்ப ஓட்டை ஓட்டைதான் மேடம்."

முத்திருளாயிக்கு எதிரே இருந்த சுவர் கொஞ்சம் தள்ளிப் போனதுபோல் இருந்தது. "மேடம், வகுப்புல நான் அப்படிச் சொல்லலை. கூடும்னுதான் சொன்னேன்."

"ஏன்?"

"சூத்திரத்துல கூட்டல் குறி இருந்துச்சு."

"இங்க ஏன் குறையும்னீங்க?"

"தப்பாச் சொல்லணும்னு."

எஸ்தர் ராஜபாய் தலையசைத்தார். அளப்பவர் மறுபடி டேப்பை விரித்து நாற்காலியைச் சுற்றி வந்தார். இந்தத் தடவை எங்கும் குனியவில்லை. "அடைஞ்சிருச்சுங்க. முழுசா இருக்கு."

இடம் கிடைத்துவிட்டது. பி.எஸ்ஸி. இயற்பியல். குருநாதன் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். முத்திருளாயிக்கு மட்டும் சந்தோஷப்படுவது எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று பிடிபடவில்லை. பொதுத்தேர்வில் அந்தக் கேள்வி வந்திருந்தது. வகுப்பு முழுக்கக் கூடும் என்று எழுதியது. எழுதி முடித்து வெளியே வந்து, நீ சொல்லிக் கொடுத்தது அப்படியே வந்திருக்கு என்று எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மேடம், எங்க வகுப்புல மத்தவங்களுக்கும் இதே சார்தான் இல்லை. அவங்களும் வரலாமா?"

"ஒருத்தரை வச்சு ஒரு வருசத்துக்கு ஒரு இடம்தாம்மா. அடுத்த வருசம் வேற யாராவது கூட்டிட்டு வரட்டும். அதுவரைக்கும் அவர் இல்லாம இருக்கணும்."

"இருப்பாருங்க," என்றார் குருநாதன். "அதுல ஒரு குறையும் வராது."

பஸ் நிலையத்தில் குருநாதன், விடுதியில் தங்கப்போகிற மருமகளிடம் பெட்டியைக் கொடுத்து, அவள் தலையைத் தடவிவிட்டு, ஆசிரியர் முதலில் ஏறட்டும் என்று படியோரமாக ஒதுங்கி நின்றார். பின்னால் நின்றவர்களும் பேசாமல் காத்திருந்தார்கள்.

"சார்கிட்ட ஒண்ணு சொல்லுங்க மாமா," என்றாள் முத்திருளாயி. "பக்க இணைப்புல தடை குறையுமாம். இந்த வருசப் பிள்ளைகளுக்காவது..."

"சொல்றேன் தாயி. ஆனா அவரு அங்க இருந்தாத்தானே சொல்லுவாரு?"

மாமாவும் ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பியது. ஜன்னலோரம் காலியாக இருந்தது. அதற்கு அடுத்த இருக்கையிலிருந்து மாமா கையை ஆட்டிக்கொண்டே போனார். மில்லின் முகவரி கேட்டுச் செவ்வந்திக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தாள். எழுதி, குறையும் என்று மட்டும் சொன்னால் அவளுக்குப் புரியுமா என்றும் யோசித்தாள்.

விடுதியில் அவளுக்கு மாடியில் கடைசி அறை. கதவைத் தள்ளியபோது, உள்ளே ஒரு கட்டிலில் குடையைக் கழுத்தில் இடுக்கியபடி ஒருத்தி உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் ஜெபக்கனி. அவள் படித்த பள்ளிக்குக் கூரை இல்லை. அவள் பக்கத்து மேல்தளம் இருக்க வேண்டிய இடத்தில் மேகம் தாழ்ந்து கிடக்க, கட்டில்மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

"உன் பக்கம் வராது," என்றாள் ஜெபக்கனி. "சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுற பெல் அடிச்சா விட்டுரும்."

முத்திருளாயி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மூலையில் இருந்த இரண்டு வாளிகளில் ஒன்றைக் கொண்டுபோய் மழைக்கு நேராக வைத்தாள். அது நிறையும்வரை பக்கத்திலேயே நின்றாள். நிறைந்ததும் நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள்.